கார், லாரி விளம்பரச் சாகசங்கள் நிஜமா? ரோப் யாருக்குக் கட்டியிருக்கிறது என்று பாருங்கள்

கேள்வி இதுதான்: டி.வி.யிலும் யூடியூபிலும் வரும் கார், லாரி, பைக் விளம்பரங்களில் வண்டி பறக்கிறது, மலைப்படி ஏறுகிறது, விமானத்தை இழுக்கிறது. இதெல்லாம் நிஜமாகச் செய்ததா, கிராபிக்ஸா?

சுருக்கமாகச் சொன்னால் மூன்று வகையும் உண்டு. நிஜமாகவே செய்து படம்பிடித்தவை, நிஜமாகச் செய்துவிட்டுப் பாதுகாப்பு ரோப்பை மட்டும் கணினியில் அழித்தவை, சக்கரம் முதல் புழுதி வரை கணினியிலேயே செய்தவை. பலர் "ரோப் இருந்ததாமே, அப்போ எல்லாம் டூப்" என்று முடித்துவிடுகிறார்கள். அது சரியான அளவுகோல் இல்லை. அந்த ரோப் யாருக்கு உதவியது என்று பார்க்க வேண்டும். ஆள் விழாமல் காத்ததா, அல்லது வண்டியால் முடியாததை முடிந்ததுபோலக் காட்டியதா? முதலாவது படப்பிடிப்பு ஒழுங்கு. இரண்டாவது மோசடி. அமெரிக்காவில் அதற்கு அபராதமே கட்டியிருக்கிறார்கள்.

எல்லோரும் கேட்பது 2013 வால்வோ லாரி விளம்பரம் பற்றித்தான். ஹாலிவுட் நடிகர் ஜான் க்ளாட் வான் டாம் இரண்டு லாரிகளின் பக்கவாட்டுக் கண்ணாடிகளின் மேல் கால் வைத்து நிற்கிறார். லாரிகள் மெல்ல விலக, கால்கள் அகன்று முழு ஸ்ப்ளிட் ஆகிறது. ஸ்பெயினில் பயன்பாடின்றிக் கிடந்த சியுதாத் ரியால் விமான நிலையத்தின் ஓடுபாதையில், சூரிய உதயத்தில் ஒரே ஷாட்டாக எடுத்தது அது. லாரிகள் நிஜமாகவே ரிவர்ஸில் ஓடின. விளம்பரம் விற்க வந்தது 'டைனமிக் ஸ்டீயரிங்' என்ற அமைப்பை. வழக்கமான ஹைட்ராலிக் ஸ்டீயரிங்கின் மேல் ஒரு மின்மோட்டாரைப் பொருத்தி, அது நொடிக்கு 2,000 முறை திருத்தம் செய்வதாகச் சொல்கிறார்கள். இந்த இடத்தில் நடிகரின் உடலில் எத்தனை ரோப் கட்டியிருந்தாலும் லாரி நேராக ஓடுவதற்கு அது துளியும் உதவாது. விளம்பரம் சொல்ல வந்தது லாரியின் நேர்கோட்டு ஓட்டம். அதைச் செய்தது லாரிதான்.

அதே ஆண்டுக் கடைசியில் இன்னொரு ஹாலிவுட் நடிகர் சக் நோரிஸ் இரண்டு ராட்சத விமானங்களுக்கு நடுவே வானத்தில் ஸ்ப்ளிட் செய்யும் வீடியோ ஒன்று வாட்ஸ்அப் வரை சுற்றியது. அது ஹங்கேரியைச் சேர்ந்த டெலோவ் டிஜிட்டல் என்ற கிராபிக்ஸ் நிறுவனம் கிறிஸ்துமஸ் வாழ்த்தாகக் கணினியில் செய்த கேலி. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

அந்த வால்வோ வரிசையில் வேறு சிலவும் உண்டு. கோதன்பர்க் துறைமுகத்தில் இழுவைக் கொக்கியில் செங்குத்தாகத் தொங்கும் லாரியின் மேல் நிறுவனத் தலைவரே நின்று பேசியது ஒன்று. மண்ணில் கழுத்தளவு புதைத்த பொறியாளரின் தலைக்கு மேல் லாரியை ஓட்டி, 30 செ.மீ. தரை இடைவெளியைக் காட்டியது இன்னொன்று. இவை நம்பத்தக்கவை என்பதற்குக் காரணம் நிறுவனத்தின் நற்பெயர் அல்ல. ஒவ்வொன்றும் அளந்து பார்க்கக்கூடிய ஒரே ஒரு பண்பைத்தான் காட்டுகிறது: கொக்கியின் வலு, தரை இடைவெளி, ஸ்டீயரிங். இழுத்துப் பிடிக்கவோ முட்டுக்கொடுக்கவோ வேறெதுவும் தேவைப்படவில்லை.

நற்பெயரை நம்ப முடியாது என்பதற்கும் அதே பெயரே சாட்சி. 1990-ல், கார்த் தயாரிப்பும் லாரித் தயாரிப்பும் ஒரே குழுமத்தில் இருந்த காலம். டெக்சாஸ் மாநிலத்தின் ஆஸ்டினில் ஒரு விளம்பரம் எடுத்தார்கள். ஆளுயரச் சக்கரங்கள் கொண்ட மான்ஸ்டர் டிரக் ஒன்று வரிசையாக நிறுத்திய கார்களின் மேல் ஏறிப் போகிறது. எல்லாக் காரும் அப்பளமாக நொறுங்க, நடுவில் வால்வோ 240 மட்டும் கூரை நெளியாமல் நிற்கிறது. பார்வையாளராக நடிக்க வந்தவர்களிலிருந்து விஷயம் வெளியே கசிந்தது. வால்வோவின் கூரைக்குள் மரக்கட்டையும் இரும்பும் கொடுத்து முட்டு வைத்திருந்தார்கள். மற்றக் கார்களின் கூரைத் தூண்களை முன்கூட்டியே அறுத்துவிட்டிருந்தார்கள்.

நிறுவனம் சொன்ன விளக்கம் கவனிக்க வேண்டியது. படப்பிடிப்புக் குழுவின் பாதுகாப்புக்காகவும், பல டேக்குகள் தாங்க வேண்டும் என்பதற்காகவும் முட்டு வைத்தோம் என்றார்கள். வெர்மான்ட்டில் நிஜமாக நடந்த ஒரு நிகழ்ச்சியைத்தான் திரும்ப நடித்துக் காட்டினோம் என்றும் சொன்னார்கள். அந்த நிகழ்ச்சி நடந்தது உண்மையாகவே இருக்கட்டும். விளம்பரம் விற்பது கூரையின் வலுவை. அந்தக் கூரைக்கே முட்டுக் கொடுத்துவிட்டால் அப்புறம் காட்டுவதற்கு என்ன இருக்கிறது? டெக்சாஸ் அரசுத் தலைமை வழக்கறிஞர் வழக்குத் தொடுக்க, விசாரணைச் செலவாக 3,16,250 டாலர் கட்டித் திருத்த விளம்பரமும் வெளியிட்டார்கள். 1991-ல் அமெரிக்க மத்திய வர்த்தக ஆணையம் நிறுவனத்துக்கும் விளம்பர ஏஜென்சிக்கும் தலா 1,50,000 டாலர் விதித்தது. ஏஜென்சி வால்வோவின் விளம்பர வேலையையே விட்டு விலகியது.

நிசான் ஃபிரான்டியர் கதையில் ரோப்பே குற்றவாளி. 2011-ல் வந்த அந்த விளம்பரத்தில் செங்குத்தான மணல்மேட்டில் ஒரு பக்கி (மணலில் ஓட்டும் சிறு வண்டி) சிக்கி நிற்கிறது. நிசான் பிக்கப் சீறி வந்து அதைப் பின்னாலிருந்து முட்டி உச்சிவரை தள்ளிக்கொண்டு போகிறது. யாரோ செல்போனில் எடுத்ததுபோல ஆட்டத்தோடு எடுத்திருந்தார்கள். உண்மையில் இரண்டு வண்டிகளையும் மேலிருந்து கேபிள் கட்டி இழுத்தார்கள். மேடும் திரையில் தெரிகிற அளவுக்குச் செங்குத்து இல்லை. 2014 ஜனவரியில் வர்த்தக ஆணையம் நிசானையும் விளம்பர ஏஜென்சியையும் பிடித்து, இனி இப்படிச் செய்ய மாட்டோம் என்று உத்தரவாதம் வாங்கியது. "கற்பனைச் சித்திரிப்பு, முயலாதீர்கள்" என்று பொடி எழுத்தில் போட்டிருந்தது அவர்களைக் காப்பாற்றவில்லை. வாங்குபவர் எதை நம்பிக் காசு கொடுக்கிறாரோ அதையே பொய்யாகக் காட்டிவிட்டு ஓரத்தில் ஒரு வரி போட்டால் தப்பிவிடலாம் என்ற கணக்கு அங்கே எடுபடவில்லை.

இந்த மரபு பழசு. 1950-களின் கடைசியில் லிபி-ஓவன்ஸ்-ஃபோர்டு என்ற கண்ணாடி நிறுவனம், ஜெனரல் மோட்டார்ஸ் கார்களில் உள்ள தன் கண்ணாடி வழியே காட்சி துல்லியமாகத் தெரிவதாக டி.வி.யில் காட்டியது. எப்படி? ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுப் படம் எடுத்தார்கள். போட்டிக் கண்ணாடி கலங்கலாகத் தெரிய அதன்மேல் வாசலின் தடவினார்கள். வழக்கு 1965 வரை போய் மேல்முறையீட்டிலும் தோற்றார்கள்.

இந்த நூற்றாண்டின் பெரிய உதாரணம் நிக்கோலா. மின்சார, ஹைட்ரஜன் லாரி தயாரிப்பதாகச் சொன்ன அந்த அமெரிக்க நிறுவனம் 2018-ல் தன் லாரி நெடுஞ்சாலையில் பாய்ந்து வரும் வீடியோ வெளியிட்டது. லாரியை யூட்டா மாநிலத்தில் மென்சரிவான ஒரு சாலையின் மேட்டுக்கு இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தி, உருட்டிவிட்டுப் படம் எடுத்திருந்தார்கள். 3 சதவீதச் சரிவு கண்ணுக்குச் சமதரை போலத்தான் தெரியும். ஆனால் பல டன் லாரி உருண்டு வேகமெடுக்க அது போதும். 2020-ல் ஹிண்டன்பர்க் ரிசர்ச் அறிக்கை இதை உடைத்தபோது, "லாரி சொந்த சக்தியில் ஓடுகிறது என்று நாங்கள் சொல்லவே இல்லையே" என்று பதில் வந்தது. நிறுவனர் ட்ரெவர் மில்டனை 2022-ல் நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்மானித்தது. 4 ஆண்டு தண்டனை, அப்புறம் 2025-ல் அதிபரின் பொதுமன்னிப்பு என்று கதை வேறு திசையில் போனது.

டெஸ்லா 2016-ல் வெளியிட்ட "கார் தானே ஓட்டிக்கொள்கிறது" வீடியோவையும் இதோடு சேர்க்கலாம். ஆட்டோபைலட் மென்பொருள் பிரிவின் அப்போதைய தலைவரும் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவருமான அசோக் எல்லுசாமி ஒரு வழக்கில் கொடுத்த வாக்குமூலம் 2023-ல் செய்தியானது. முன்கூட்டியே 3டி வரைபடம் போட்டு வைத்த பாதையில்தான் அந்தக் கார் ஓடியது. தானாகப் பார்க்கிங் செய்யும் காட்சிக்கான முயற்சியில் ஒரு கார் வேலியில் மோதியது. அது வீடியோவில் வரவில்லை.

இனி, பொய்யே சொல்லாமல் அசத்தும் வகை. இதுதான் எனக்கு அதிகம் பிடித்தது. ஏனென்றால் இங்கே ஏமாற்றுவது இயற்பியல் தெரியாத நம் கண்தான். கார் விமானத்தை இழுத்த பிரபல விளம்பரங்கள் நிஜம். 2006-ல் ஃபோக்ஸ்வாகன் டுவாரெக் 155 டன் போயிங் 747-ஐ 150 மீட்டர் இழுத்தது. 2017-ல் போர்ஷே கயென் 285 டன் ஏர்பஸ் ஏ380-ஐ 42 மீட்டர் இழுத்துக் கின்னஸில் ஏறியது. ஆனால் சமதரையில் இழுப்பது தூக்குவது அல்ல. காற்றடித்த டயரில் நிற்கும் வண்டியை உருட்ட அதன் எடையில் ஏறக்குறைய நூறில் ஒரு பங்கு விசை போதும். 155 டன்னுக்கு ஒன்றரை டன், அசையாமல் நிற்பதைக் கிளப்பும் முதல் நொடியில் இரண்டு மடங்கு என்று வைத்துக்கொள்ளுங்கள். எஞ்சினுக்கு முதல் கியரில் அது ஒரு சவாலே இல்லை. சிக்கல் டயரில். இரண்டரை டன் சொச்ச எடையுள்ள கார் தரையைப் பிடித்து இழுக்கக்கூடிய உச்ச விசை சுமார் 2 டன். அதற்கு மேல் போனால் சக்கரம் வெறுமனே சுழலும். அதனால்தான் அந்த டுவாரெக்கில் 4.3 டன் இரும்பை ஏற்றி மொத்த எடையை 7 டன் ஆக்கினார்கள். ஷோரூமிலிருந்து வரும் வண்டியில் அந்த இரும்பு இருக்காது.

ரயில் என்றால் இன்னும் சுலபம். இரும்புத் தண்டவாளத்தில் இரும்புச் சக்கரத்தின் உருளல் தடை ஆயிரத்தில் இரண்டு பங்குதான். 2016-ல் லேண்ட் ரோவர் டிஸ்கவரி ஸ்போர்ட் சுவிட்சர்லாந்தில் 100 டன்னுக்கு மேற்பட்ட ரயிலை 10 கி.மீ. இழுத்தது. அதற்குத் தேவைப்பட்ட விசை ஏறக்குறைய 200 கிலோ எடைக்குச் சமம். 2012 அக்டோபரில் லாஸ் ஏஞ்சலஸில் டொயோட்டா டன்ட்ரா பிக்கப், சக்கர மேடையோடு சேர்த்து 130 டன் சொச்சம் எடையிருந்த எண்டெவர் விண்கலத்தைப் பாலத்தின் மேல் இழுத்ததும் இதுபோலத்தான். கனத்த டிரான்ஸ்போர்ட்டரைப் பாலம் தாங்காது என்பதால் வண்டியை மாற்றினார்கள். எந்தப் பெரிய பிக்கப்பும் அதைச் செய்திருக்கும். இழுப்பதைவிட நிறுத்துவதுதான் கஷ்டம். அதற்குப் பின்னால் தனியாக பிரேக் ஏற்பாடு வேண்டும். இந்த விளம்பரங்களைப் பார்த்துவிட்டு உங்கள் வண்டியின் இழுவைத் திறனை முடிவுசெய்ய வேண்டாம். கையேட்டில் எழுதியிருக்கும் எண்தான் கணக்கு. அது பிரேக்கையும் மேட்டையும் வெயிலில் கொதிக்கும் எஞ்சினையும் வைத்துப் போட்டது.

சரிவில் ஏறும் சாகசத்தில் கணக்கு இதைவிடக் கறாரானது. வண்டி வழுக்காமல் ஏற, டயரின் பிடிமானக் குணகம் சரிவுக் கோணத்தின் டேன் (tan) மதிப்பைவிட, அதாவது ஏறும் உயரத்தைக் கிடைமட்டத் தூரத்தால் வகுத்த எண்ணைவிட, அதிகமாக இருக்க வேண்டும். 1986-ல் ஆடி 100 குவாட்ரோ பின்லாந்தின் கைப்போலாவில் உள்ள பனிச்சறுக்குத் தாவுதளத்தில் ஏறியது. ஓட்டியவர் ராலி வீரர் ஹாரல்ட் டெமுத். சரிவு 37.5 டிகிரி, டேன் மதிப்பு 0.77. பனிக்கட்டியில் வெறும் ரப்பரின் பிடிமானம் 0.1 அளவுதான். ஆணி பதித்த டயர் இல்லாமல் அந்த ஏற்றத்துக்கு வழியே கிடையாது. 2005-ல் ஏ6-ஐ வைத்து அதையே திரும்பச் செய்தபோதும் ஆணி டயர்தான். நான்கு சக்கர இயக்கம் இல்லாவிட்டால் ஆணி இருந்தும் ஏறாது என்பதால் விளம்பரம் முழுப் பொய் இல்லை. ஆனால் டயரின் பங்கைச் சொல்லாமல் விட்டது. அரை உண்மை என்பேன்.

சீனாவின் தியான்மென் மலையில் 999 படிகள், சுமார் 45 டிகிரி. 2018-ல் ரேஞ்ச் ரோவர் ஸ்போர்ட் ஹைப்ரிட் காரை ஹோ-பின் டுங் என்ற பந்தய ஓட்டுநர் அதில் ஏற்றிக் காட்டினார். 45 டிகிரிக்கு டேன் 1. காய்ந்த கல்லில் நல்ல டயருக்கும் அது விளிம்பு நிலை. ஆனால் படிகளில் டயர் ஒவ்வொரு விளிம்பையும் கவ்விக்கொள்வதால் வழவழப்பான சரிவைவிடப் பிடிமானம் கூடுதல். அங்கே தோற்பது பெரும்பாலும் வேகம் குறைந்து நின்றுவிடுவதால்தான். நின்ற இடத்திலிருந்து மறுபடி கிளம்புவது மிகக் கடினம்.

2025 நவம்பரில் செரி என்ற சீனக் கார் நிறுவனம் தன் ஃபெங்யுன் எக்ஸ்3எல் காரை அதே படிகளில் ஏற்றப் பார்த்தது. கார் பாதிவழியில் நின்று, பின்னோக்கிச் சறுக்கிக் கைப்பிடிச் சுவரை இடித்துப் பெயர்த்தது. யாருக்கும் காயமில்லை, நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. அவர்கள் சொன்ன காரணம் இந்தப் பேச்சுக்கு நேரடியாகப் பொருந்தும்: பாதுகாப்பு ரோப்பை நங்கூரமிட்ட இடத்தில் இருந்த ஷேக்கிள் (இணைப்பு வளையம்) கழன்றுகொண்டது, தளர்ந்த ரோப் வலது சக்கரத்தில் சுற்றியது, சக்கரத்துக்குச் சக்தி போகாமல் கார் சறுக்கியது. ரோப் வைத்தால் தொங்கலாக விடக் கூடாது என்பது ஸ்டன்ட் மாஸ்டர்களின் பாலபாடம். வண்டி முன்னேறும் வேகத்துக்கு ஈடாக வின்ச் (ரோப் சுற்றும் உருளை) சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ரோப்பின் பாதை சக்கரத்தின் பாதைக்குக் குறுக்கே வரக் கூடாது. ஷேக்கிளின் முள்ளாணி அதிர்வில் கழலாமல் இருக்கக் கம்பி போட்டு முறுக்கிக் கட்ட வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, பொதுமக்கள் நடக்கும் பாரம்பரியப் படிகளை ஒத்திகைக் களமாக்கியது.

தாவுதலுக்கு வருவோம். விளம்பரத்தில் அதிகம் பொய் சொல்வதும் நிஜமாகச் செய்தால் அதிகம் வண்டி உடைவதும் இங்கேதான். ஒரு காரை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் 15 டிகிரி ராம்ப்பில் ஏற்றிவிடுங்கள். காற்றுத்தடையை விட்டுவிட்டால் அது 25 மீட்டர் தள்ளி விழும். ராம்ப் முனையிலிருந்து 1.7 மீட்டர்தான் மேலே எழும். ஒரு நொடியைக் கொஞ்சம் தாண்டிக் காற்றில் இருக்கும். வேகம் 10 சதவீதம் கூடினால் தூரம் 21 சதவீதம் கூடும். 88-ல் போனால் 30 மீட்டர், 72-ல் போனால் 20 மீட்டர். அதாவது ஸ்பீடாமீட்டர் முள்ளில் அந்தச் சின்ன வித்தியாசம் இறங்குதளத்தில் 5 மீட்டர் முன்னே பின்னே தள்ளிவிடும். ஷோரூம் ஸ்பீடாமீட்டர் இயல்பாகவே கொஞ்சம் கூட்டிக் காட்டும். அதனால் ஸ்டன்ட் ஓட்டுநர்கள் ஜி.பி.எஸ். அளவியை வைத்துக்கொண்டு, ஓட்டத் தொடக்கப் புள்ளியைச் சுண்ணாம்புக் கோடு போட்டு, தாவாமல் ராம்ப் அருகே வரை பலமுறை ஓடிப் பார்ப்பார்கள்.

இறங்குவதைப் பாருங்கள். 1.7 மீட்டரிலிருந்து விழும் கார் நொடிக்கு சுமார் 5.7 மீட்டர் வேகத்தில் தரையைத் தொடும். சஸ்பென்ஷன் அமுங்க 20 செ.மீ. இடம் இருந்தால் அதற்குள் நிற்க 8 ஜி-க்கு மேல் தாங்க வேண்டும். ஒன்றரை டன் கார் அந்தக் கணத்தில் 12 டன்னைப்போல அழுத்தும். ஷாக் அப்சார்பர் மேற்கூடு பிய்யும், எஞ்சின் மவுன்ட் அறும், ஆயில் சம்ப் தரையில் தட்டும், ஓட்டுபவரின் முதுகுத்தண்டு நசுங்கும். இதைத் தவிர்க்க இறங்கும் பக்கமும் ஒரு சரிவு போடுவார்கள். கார் கீழிறங்கும் கோணமும் சரிவின் கோணமும் ஒத்துப்போனால் அடி பாதிக்கும் கீழே போய்விடும். விளம்பரத்தில் மண்மேட்டுக்குப் பின்னால் மறைந்து கார் இறங்கினால் அங்கே சரிவு இருக்கிறது என்று பொருள். சமதரையில் விழுந்து, அதே ஷாட்டில் ஒன்றும் ஆகாததுபோலச் சீறிப் போனால் சந்தேகப்படுங்கள். பெரும்பாலும் தாவிய கார் வேறு, ஓடிப்போகும் கார் வேறு. ஒரே நிறத்தில் மூன்று நான்கு வண்டிகள் படப்பிடிப்புக்கு வரும்.

மூக்குக் குத்துவது இன்னொரு பிரச்சினை. முன்சக்கரம் ராம்ப்பை விட்ட பிறகும் பின்சக்கரம் அதில் இருக்கும் அந்த இடைவெளியில் முன்பாரம் காரைக் கவிழ்க்கத் தொடங்கும். முன்சக்கர இயக்கக் கார்களில் எடையில் 60 சதவீதத்துக்கு மேல் முன்னால்தான். அதனால் டிக்கியில் மணல் மூட்டையோ இரும்புத் தகடோ வைத்துச் சமன்செய்து, ராம்ப்பின் கடைசியில் மேல்நோக்கி ஒரு சின்ன வளைவு கொடுப்பார்கள். டிக்கியில் வைத்ததைப் பட்டை போட்டு இறுக்காவிட்டால், இறங்கும்போது அதுவே பின் இருக்கையைப் பிய்த்துக்கொண்டு முன்னே வரும்.

ஜாகுவார் செய்த இரண்டு சாகசங்கள் நிஜம் என்று கணக்கும் சாட்சி சொல்கிறது. 2015-ல் பிராங்க்பர்ட்டில் ஸ்டன்ட் ஓட்டுநர் டெர்ரி கிராண்ட் எஃப்-பேஸ் காரை 19.08 மீட்டர் உயர வளையத்தில் தலைகீழாகச் சுற்றி ஓட்டினார். ஆரம் ஒன்பதரை மீட்டர் என்றால் உச்சியில் விழாமல் இருக்க மணிக்கு 35 கி.மீ. வேண்டும். எஞ்சின் உதவியைக் கணக்கில் எடுக்காவிட்டால் அடியில் நுழையும்போது 78. அந்த நுழைவில் உடல் தாங்க வேண்டியது 6 ஜி. நிறுவனம் வெளியிட்ட எண் 6.5 ஜி. பயத்தில் 100-ல் நுழைந்திருந்தால் 9 ஜி-யைத் தாண்டி, சஸ்பென்ஷன் தட்டி, கண் இருண்டிருக்கும். இந்தச் சாகசத்தில் கூடுதல் வேகம் பாதுகாப்பு இல்லை. 2017-ல் லண்டன் எக்செல் அரங்குக்குள் அவரே இ-பேஸ் காரை 270 டிகிரி திருகித் தாவவிட்டு 15.3 மீட்டர் கடந்தார். இந்தத் திருகுத் தாவலின் கணக்கைப் போட்டவர்கள் அமெரிக்காவின் கால்ஸ்பான் ஆய்வுக்கூடத்தினர். 1972-லேயே ஹூஸ்டன் ஆஸ்ட்ரோடோமில் அது மேடையேறிவிட்டது. ராம்ப்பின் முறுக்கு, வண்டியின் எடை, வேகம் மூன்றும் கணினி சொன்னபடி இருந்தால் ஓட்டுநர் செய்ய வேண்டியது ஸ்டீயரிங்கை அசைக்காமல் பிடிப்பது மட்டும்.

சாலையில் டிரிஃப்ட் அடிக்கும் (பின்சக்கரம் வழுக்க வண்டி பக்கவாட்டில் சறுக்கும்) காட்சிகள் பெரும்பாலும் நிஜம், ஆனால் வண்டி உங்கள் வண்டி இல்லை. இப்போதைய கார்களில் ஹேண்ட்பிரேக் ஒரு பொத்தான். அதை வைத்துப் பின்சக்கரத்தை நினைத்த நொடியில் பூட்ட முடியாது. எனவே தனியாக ஹைட்ராலிக் ஹேண்ட்பிரேக் நெம்புகோல் போடுவார்கள். சக்கரம் பூட்டாமல் காக்கும் ஏ.பி.எஸ்., வண்டி சறுக்காமல் காக்கும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இரண்டையும் பொத்தானில் அணைத்தால் போதாது, ஃபியூஸைப் பிடுங்குவார்கள். பின் டயரில் காற்றை ஏற்றி, சாலையில் தண்ணீர் அடிப்பார்கள். விளம்பரங்களில் மழையே இல்லாமல் ரோடு ஈரமாக மின்னுவதற்கு அழகு பாதிக் காரணம், வழுக்கல் மீதிக் காரணம். ஒரு பக்கமாகச் சாய்ந்து இரண்டு சக்கரத்தில் ஓட்ட, இடது வலது சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரித்தனுப்பும் டிஃபரன்ஷியலையே வெல்ட் செய்துவிட வேண்டும். இல்லாவிட்டால் காற்றில் தொங்கும் சக்கரம் வெறுமனே சுழலும், தரையில் உள்ளது இழுக்காது. 1980-களில் இசுசு ஜெமினி கார்கள் பாரிஸ் தெருக்களில் ஜோடியாக நடனமாடிய விளம்பரங்கள் இந்தக் கலையின் உச்சம். பிரெஞ்சு ஸ்டன்ட் ஓட்டுநர் ரெமி ஜூலியனின் குழு கணினி உதவி இல்லாமல் செய்தது.

பைக் வீலியும் (முன்சக்கரத்தைத் தூக்கி ஓட்டுவது) அப்படியே. ஸ்டன்ட் பைக்கில் பின் ஸ்ப்ராக்கெட் (செயின் ஓடும் பல்சக்கரம்) பெரிதாக இருக்கும், பின் பிரேக்குக்கு இடது கையிலும் ஒரு நெம்புகோல், பின்னால் மல்லாந்து விழாமல் தடுக்கத் தரையை உரசும் ஒரு கம்பி. பின் டயரில் காற்றைக் குறைத்திருப்பார்கள். எஞ்சின் ஆயிலைக்கூடக் கூடுதலாக ஊற்றுவார்கள். முன்சக்கரம் தூக்கியே இருந்தால் ஆயில் பின்னால் ஒதுங்கி, பம்ப் காற்றை உறிஞ்சி, பேரிங் கருகும். தெருவில் கம்பெனி பைக்கை வைத்து இதை முயல்பவர்களுக்கு எலும்பு முறிவதற்கு முன்பே பல நேரம் எஞ்சின் போய்விடுவது இதனால்தான்.

முழுக் கிராபிக்ஸைக் கண்டுபிடிப்பது வரவரக் கடினம். லண்டனைச் சேர்ந்த தி மில் என்ற கிராபிக்ஸ் நிறுவனம் 2016-ல் பிளாக்பேர்ட் என்ற வண்டியை உருவாக்கியது. நான்கு சக்கரமும் மின்மோட்டாரும் மட்டுமுள்ள எலும்புக்கூடு. நீளத்தையும் அகலத்தையும் எந்தக் காருக்கும் ஏற்றபடி நீட்டிக் குறுக்கலாம். மேலே உள்ள கேமராக்கள் சுற்றுப்புறத்தைப் பதிவுசெய்து, பிற்பாடு கணினியில் போர்த்தும் காரின் மேல் அதே பிரதிபலிப்பை விழச்செய்யும். இன்னும் தொழிற்சாலையை விட்டே வராத காருக்கும் இப்படி விளம்பரம் எடுக்கலாம். புழுதியும் டயர்த் தடமும் நிஜம், கார் மட்டும் இல்லை.

ஆனாலும் கவனித்தால் சில இடங்களில் பிடிபடும். ஓடும்போதும் திரும்பும்போதும் டயரின் அடிப்பக்கம் பிதுங்குகிறதா, பிரேக் பிடித்தால் மூக்கு அமுங்குகிறதா என்று பாருங்கள். எழும்புவது ஒரு ஷாட்டிலும் இறங்குவது இன்னொரு ஷாட்டிலும் இருந்தால் நடுவில் எதுவும் நடந்திருக்கலாம். வேகத்தைக் கூட்டிக் காட்ட நொடிக்கு 24 சட்டகத்துக்குப் பதில் 20-ல் எடுப்பார்கள். 60 கி.மீ. திரையில் 72 ஆகிவிடும். அப்போது ஓரத்தில் நடக்கும் ஆளின் நடையையும் தெறிக்கும் தண்ணீரையும் பாருங்கள், வெடுக்வெடுக்கென்று இருக்கும். தொலைதூர லென்ஸில் எடுத்தால் பத்து மீட்டர் இடைவெளியில் வரும் இரண்டு வண்டிகள் உரசுவதுபோலத் தெரியும்.

இந்தியாவில் இதற்கு விதி இருக்கிறது. விளம்பரத் தரக் கவுன்சிலான ஏ.எஸ்.சி.ஐ.யின் வாகன விளம்பர வழிகாட்டுதல், போக்குவரத்து விதி மீறலைக் காட்டக் கூடாது, கண்மூடித்தனமான ஓட்டத்தைத் தூண்டும்படி வேகத்தைக் காட்டக் கூடாது, சாகசம் என்றால் படிக்கும்படியான எச்சரிக்கை வேண்டும் என்கிறது. 2022-ல் வந்த மத்திய அரசின் தவறான விளம்பரத் தடுப்பு வழிகாட்டுதல், பொறுப்புத்துறப்பு வாசகம் விளம்பரம் பேசும் அதே மொழியில் இருக்க வேண்டும் என்கிறது. தமிழில் முழங்கிவிட்டு அடியில் ஆங்கிலத்தில் எறும்பு எழுத்து ஓடவிடுவது இதற்குப் பொருந்தாது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி தவறான விளம்பரத்துக்கு முதல்முறை 10 லட்சம், மறுமுறை 50 லட்சம் ரூபாய் வரை அபராதம் போகலாம்.

புகார் கொடுப்பதானால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915, அல்லது ஏ.எஸ்.சி.ஐ.யின் இணையதளம். "கிராபிக்ஸ் போட்டிருக்கிறார்கள்" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. வண்டியின் எந்தத் திறனைப் பற்றி எந்த வாசகம் வந்தது, எந்தக் காட்சி அதற்கு ஆதாரமாகக் காட்டப்பட்டது, கையேட்டில் உள்ள எண் என்ன என்று மூன்றையும் சேர்த்து எழுதுங்கள். சேனல், தேதி, நேரத்தோடு எச்சரிக்கை வரி தெரியும் ஸ்கிரீன்ஷாட்டையும் இணையுங்கள். யூடியூப் என்றால் இணைப்பு மட்டும் போதாது, வீடியோவை அகற்றிவிடுவதற்குள் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.